நரம்புச் சுருட்டலுக்கு ஊசி: மூளைக்குத் தீங்கு நேராமல் காத்துக்கொள்ளும் வழிகள்

நம் வீடுகளில் 'நரம்பு' என்னும் ஒரே சொல்லை இரண்டு பொருள்களில் வழங்கி வருகிறோம். ஊசி போடும் வேளையில் கையில் பச்சை நிறமாகப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். மூளையின் கட்டளைகளைக் கைகால்களுக்குக் கொண்டு செல்லும் உணர்விழையையும் நரம்பு என்கிறோம். 'நரம்பு ஊசி' என்பதில் வருவது முன்னது. 'நரம்புத் தளர்ச்சி' என்பதில் வருவது பின்னது.

காலில் நீலநிற முடிச்சுகளாகத் தோன்றும் 'நரம்புச் சுருட்டல்' நோயில் சுருண்டு கிடப்பது உண்மையில் நரம்பன்று. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு செல்லும் குழாய் அது. மருத்துவ நூல்கள் அதனைச் சிரை என்று அழைக்கின்றன. ஆனால் அந்தச் சிரைக்குள் செலுத்தும் மருந்து, அரிதாகச் சிலரிடம், மெய்யான நரம்பு மண்டலத்தையே தொட்டுவிடுவது உண்டு. ஊசி போட்ட சிறிது நேரத்தில் கண் மங்குகிறது. தலை கடுமையாக வலிக்கிறது. மிக மிக அரிதாக, வாய் குழறிக் கைகால் செயலிழக்கிறது. காலில் போட்ட ஊசி தலைக்கு எப்படிப் போயிற்று? அதைத் தடுக்க நோயாளியாகிய நீங்கள் என்ன செய்ய இயலும்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டால், இச்சிகிச்சையை அச்சமின்றியும் அலட்சியமின்றியும் மேற்கொள்ளலாம்.

யாருக்கு வருகிறது?

நாள் முழுவதும் நின்று உழைப்பவர்களை இந்நோய் அதிகம் பிடிக்கிறது. ஜவுளிக்கடை ஊழியர், ஆசிரியர், முடி திருத்துவோர், போக்குவரத்துக் காவலர், நிக்காஹ் விருந்துகளில் அடுப்பருகே மணிக்கணக்கில் நிற்கும் பண்டாரி என இவர்களின் பட்டியல் நீளும். பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களிடமும், தாய் தந்தையருக்கு இந்நோய் இருந்தவர்களிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

கால் சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகள் போன்ற சிறு தடுப்பிதழ்கள் உள்ளன. மேலே ஏறிய இரத்தம் கீழே இறங்காதவாறு அவை தடுக்கின்றன. அவை பழுதுபட்டால் இரத்தம் தேங்கி, சிரை விரிந்து வளைந்து முறுக்கிக்கொள்கிறது. பாரம், வீக்கம், அரிப்பு, தோல் கறுத்தல், முற்றிய நிலையில் கணுக்காலருகே ஆறாத புண் என்று தொல்லைகள் தொடர்கின்றன.

நுரை ஊசி என்பது என்ன?

பழுதுபட்ட சிரையை அறுத்து அகற்றலாம். லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் மூடலாம். ஊசி மருந்தாலும் மூடலாம். ஊசி முறைக்கு ஸ்கிளீரோதெரபி என்று பெயர். பாலிடோகனால், சோடியம் டெட்ராடெசில் சல்பேட் ஆகிய இரண்டும் இதற்குப் பரவலாகப் பயன்படும் மருந்துகள். இவை சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கும். சுவர்கள் ஒட்டிக்கொண்டு, காலப்போக்கில் சிரை நார்போல் சுருங்கிவிடும். இரத்தம் வேறு நல்ல சிரைகள் வழியே செல்லும்.

மெல்லிய சிரைகளுக்குத் திரவ மருந்து போதும். பெரிய சிரையில் திரவம் இரத்தத்தோடு கலந்து வீரியம் குன்றிவிடும். எனவே மருந்தை வாயுவுடன் கலந்து நுரையாக்கிச் செலுத்துகிறார்கள். நுரை இரத்தத்தை விலக்கிவிட்டுச் சுவரில் படிந்து நிற்கும். குறைந்த மருந்திலேயே நிறைந்த பயன் கிட்டும். இரண்டு ஊசிக் குழல்களை மூவழித் திருகால் இணைத்து, மருந்தையும் வாயுவையும் முன்னும் பின்னும் தள்ளி நுரையாக்கும் எளிய முறையை இத்தாலிய மருத்துவர் லொரென்சோ டெஸ்ஸாரி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பொதுவாக ஒரு பங்கு மருந்துக்கு நான்கு பங்கு வாயு சேர்க்கப்படுகிறது. கத்தியில்லை, மயக்க மருந்தில்லை, அன்றே வீடு திரும்பலாம் என்பதால் இம்முறை உலகெங்கும் விரைந்து பரவியது.

காலிலிருந்து தலைக்கு

சிரையில் செலுத்திய நுரை முழுவதும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. அதன் நுண்குமிழ்களில் ஒரு பகுதி இரத்தத்தோடு மேலேறி இதயத்தின் வலப்பக்கத்தை அடைகிறது. இது யாருக்கோ எப்போதோ நிகழ்வதன்று. 2008-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நுரை ஊசி போட்டுக்கொண்ட 33 பேரின் இதயங்களை ஸ்கேன் கருவியால் கவனித்தபோது, அனைவரின் வலப்பக்க அறைகளிலும் குமிழ்கள் காணப்பட்டன. அங்கிருந்து அவை நுரையீரலுக்குச் செல்கின்றன. அல்லாஹ் நுரையீரலில் அமைத்திருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அவற்றை வடிகட்டிக் கரைத்துவிடுகின்றன. ஆகவே பெரும்பாலோருக்கு எந்தத் தீங்கும் நேர்வதில்லை.

ஆனால் சிலரிடம் இந்த வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி ஒன்று உள்ளது. தாயின் கருவில் இருக்கும் சிசு நுரையீரலால் சுவாசிப்பதில்லை. எனவே அதன் இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு துவாரம் அமைந்திருக்கிறது. ஃபோரமென் ஓவேல் என்பது அதன் பெயர். பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் அது மூடிக்கொள்ளத் தொடங்குகிறது. எனினும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முழுமையாக ஒட்டிக்கொள்வதில்லை. சாத்திய கதவு தாழிடப்படாமல் இருப்பது போன்ற நிலை இது. அவர்களில் மிகப் பலர் இதை அறியாமலே முழு வாழ்வையும் நலமாக வாழ்ந்து முடிக்கிறார்கள்.

இருமும்போதும் முக்கும்போதும் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போதும் மார்பினுள் அழுத்தம் மாறி அந்தக் கதவு திறந்துகொள்ளக்கூடும். அவ்வேளையில் குமிழ்கள் இடப்பக்கம் தாவி, நேரே மூளைக்கும் கண்ணுக்கும் செல்ல இயலும். மேற்சொன்ன 33 பேரில் ஐவருக்கு இடப்பக்க அறைகளிலும் குமிழ்கள் தென்பட்டன. இதயத்தில் இத்தகைய துவாரம் இருப்பது முன்னரே அறியப்படாத ஒருவருக்கு, நுரை ஊசிக்குப் பின் பக்கவாதம் நேர்ந்த செய்தி 2006-ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் பதிவாகியது.

குமிழ் மட்டுமே காரணம் என்றும் சொல்வதற்கில்லை. புண்பட்ட சிரைச் சுவரிலிருந்து வெளியாகும் எண்டோதெலின் என்னும் பொருள் மூளையின் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்து, ஒற்றைத் தலைவலிக்கு முன்னர் வருவது போன்ற பார்வைத் தடுமாற்றத்தை உண்டாக்கலாம் என்றும் அறிஞர்கள் கருதுகின்றனர். திரவ ஊசிக்குப் பின்னும் அரிதாக இது நேர்வது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. சிகிச்சைக்குச் சில நாட்கள் கழித்துக் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி அதே துவாரத்தின் வழியே மூளைக்குச் செல்வது மற்றோர் அபாயம்.

அச்சம் அளவோடு இருக்கட்டும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில், பார்வைத் தடுமாற்றம் நூற்றுக்கு ஒன்று அல்லது இருவருக்கும், தலைவலி நூற்றுக்கு நால்வர் அளவிலும் காணப்பட்டன. இவை பெரும்பாலும் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தாமாகவே விலகிவிடுகின்றன. பக்கவாதம் மிக அரிது. ஆயினும் அந்த அரிய விபத்தையும் தவிர்க்க வழிகள் இருக்கையில், அவற்றைக் கடைப்பிடிக்காமல் விடுவது முறையாகாது.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

தடுப்பின் முதற்படி உங்கள் நாவில் இருக்கிறது. காலைக் காட்ட வந்த இடத்தில் தலையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று எண்ணாதீர்கள். கீழ்க்காண்பவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஒற்றைத் தலைவலி உண்டா? குறிப்பாக, வலிக்குமுன் கண்ணில் மின்னல் கோடுகள், கரும்புள்ளிகள், மங்கல் தோன்றுவது உண்டா? முன்னர் பக்கவாதமோ, சிறிது நேரம் வந்து மறைந்த வாய்க்குழறலோ, கை மரத்தலோ நேர்ந்ததுண்டா? இதயத்தில் துவாரம் என்று எப்போதேனும் சொல்லப்பட்டதுண்டா? உங்களுக்கோ இரத்த உறவினருக்கோ கால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததுண்டா? இதற்குமுன் இதே ஊசி போட்டபோது தலைவலியோ பார்வைக் கோளாறோ இருமலோ வந்ததா? மருந்து ஒவ்வாமை உண்டா? கருவுற்றிருக்கிறீர்களா?

இதயத் துவாரத்தால் ஏற்கெனவே பாதிப்பு நேர்ந்தவர்களுக்கு நுரை ஊசி கூடாது என்பது ஐரோப்பிய நிபுணர்களின் வழிகாட்டு நெறி. அவர்களுக்கு வேறு சிகிச்சை முறைகள் உள்ளன. முன்னர் நுரை ஊசியால் நரம்புக் கோளாறோ ஒற்றைத் தலைவலியோ கண்டவர்களுக்கு நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எல்லாரும் முன்கூட்டியே இதயத் துவாரத்துக்கான ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. யாருக்கு அது தேவை என்பதை நீங்கள் சொல்லும் விவரங்களே காட்டிக்கொடுக்கும்.

நம் பெண்கள் கூச்சத்தால் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு. கருத்தடை மாத்திரைகளையும், ஹஜ் உம்ராவின்போது மாதவிடாயைத் தள்ளிப்போட உட்கொள்ளும் மாத்திரைகளையும் பலர் மருந்தாகவே கருதுவதில்லை. இத்தகைய ஹார்மோன் மாத்திரைகளில் சில, இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுபவை. அவசியம் சொல்லிவிடுங்கள். ஹஜ் உம்ராப் பயணம் நெருங்கியிருந்தால் அதையும் தெரிவியுங்கள். பல மணி நேரம் விமானத்தில் அசையாமல் அமர்ந்திருப்பது உறைகட்டிக்கு வழி வகுக்கும் என்பதால், சிகிச்சையைப் பயணத்துக்கு வெகு முன்னரோ, திரும்பிய பின்னரோ வைத்துக்கொள்ளலாம். கருவுற்ற காலத்தில் தோன்றும் சுருட்டல் பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் பெரிதும் குறைந்துவிடும். எனவே அக்காலத்தில் ஊசிக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

காலைத் திறந்து காட்டத் தயங்கி நோயை முற்றவிடும் சகோதரிகளும் இருக்கிறார்கள். பெண் மருத்துவரை நாடுங்கள். கிடைக்காவிடில், பெண் செவிலியரும் உங்கள் மஹ்ரமும் உடனிருக்க, தேவையான அளவுக்குக் காட்டிச் சிகிச்சை பெறுவதற்கு மார்க்கம் இடமளிக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியவை

'அறுவையில்லை, ஒரே ஊசியில் குணம்' என்னும் விளம்பரத்தைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. ஊசி போடுபவர் இதில் பயிற்சி பெற்ற மருத்துவரா, ஊசிக்கு முன் டாப்ளர் ஸ்கேன் எடுக்கப்படுமா, பெரிய சிரைகளுக்கு ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தப்படுமா, பிராணவாயுவும் அவசர மருந்துகளும் அங்கே தயாராக உள்ளனவா என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

நுரையின் அளவையும் கேளுங்கள். ஓர் அமர்வில் பொதுவாக 10 மில்லி லிட்டருக்கு மேல் நுரை செலுத்தாதிருப்பது நல்லது என்று ஐரோப்பிய நெறி கூறுகிறது. பக்க விளைவு அபாயம் மிகுந்தவர்களுக்கு 2 மில்லி லிட்டர் போன்ற சிறு அளவோ, நுரைக்குப் பதில் திரவமோ பரிந்துரைக்கப்படுகிறது. இரு கால்களையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள், ஊருக்குப் போக வேண்டும் என்று மருத்துவரை நெருக்காதீர்கள். ஒரே நாளில் முடிக்கும் அவசரம், நுரையின் அளவைக் கூட்டும் அவசரமாகவும் ஆகிவிடும்.

எந்த வாயு என்பதும் கேட்கத்தக்கதே. அறைக் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அது இரத்தத்தில் மெதுவாகவே கரையும். கரியமில வாயுவோ விரைந்து கரைந்துவிடும். காற்றால் செய்த நுரையையும் கரியமில வாயுவால் செய்த நுரையையும் ஒப்பிட்ட 2008-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பக்க விளைவு கண்டவர்கள் 39 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்தனர். பிராணவாயுவும் கரியமில வாயுவும் கலந்து தொழிற்சாலையிலேயே ஆயத்தமாகும் பாலிடோகனால் நுரை மருந்துக்கு அமெரிக்கா 2013-இல் அனுமதி அளித்தது. ஆயினும் எந்த வாயுவும் அபாயத்தை அறவே நீக்கிவிடாது. ஏனைய கவனங்களும் வேண்டும்.

ஊசி மேசையின் மீது

படுத்த நிலையிலேயே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசி உள்ளே செல்லும்போது மூச்சை அடக்கி முக்காதீர்கள். பல்லைக் கடித்து உடலை இறுக்காதீர்கள். இருமல் சளி உள்ள நாளில் சிகிச்சையைத் தள்ளி வைக்கக் கேளுங்கள். சீராக மூச்சு விட்டுக்கொண்டு, மனதுக்குள் திக்ரு செய்தபடி தளர்வாக இருங்கள்.

ஊசி முடிந்ததும் உடனே எழக்கூடாது. கெண்டைக்காலை மடக்கி நீட்டவும் கூடாது. தசை அசைந்தால் நுரை விரைந்து மேலேறும். வழக்கமாக 2 முதல் 5 நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். முன்னர் தலைவலியோ பார்வைக் கோளாறோ கண்டவர்கள் 8 முதல் 30 நிமிடங்கள் வரை படுத்திருப்பது நலம். தொழுகை நேரம் தவறிவிடுமோ என்று பதறி எழாமலிருக்க, தொழுதுவிட்டு வரும்படியோ, அடுத்த வக்துக்குப் போதிய நேரம் இருக்கும்படியோ சிகிச்சை நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

காலிலுள்ள மெய்யான நரம்புக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கெண்டைக்காலின் பின்புறத்திலும் கணுக்காலருகிலும் தோலுக்கு உணர்வூட்டும் நரம்புகள் சிரையை ஒட்டியே செல்கின்றன. ஊசி ஏறும்போது மின்சாரம் பாய்ந்தாற்போன்ற வலியோ பாதம் வரை பரவும் எரிச்சலோ தோன்றினால், பொறுத்துக்கொள்ளாமல் அக்கணமே சொல்லுங்கள். அங்கே பொறுமை நன்மை தராது.

வீடு திரும்பிய பின்

படுத்திருக்க வேண்டிய நேரம் கழிந்ததும், நடப்பதுதான் மருந்து. மருத்துவர் சொன்ன அளவு நடங்கள். நாள் முழுவதும் படுக்கையில் கிடப்பது உறைகட்டியை வரவழைக்கும். அன்றைய தினம் பாரம் தூக்காதீர்கள். அழுத்தக் காலுறை தந்திருந்தால் சொன்னபடி அணியுங்கள். உளூவுக்காக அதைக் கழற்றலாமா என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். கழற்றக் கூடாது என்றால், கட்டின் மீது ஈரக்கையால் தடவுவது பற்றிய சட்டத்தை உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அவசரமில்லாத இச்சிகிச்சையை ரமழானுக்குப் பின் வைத்துக்கொண்டால், நோன்பு பற்றிய ஐயமும் எழாது.

எப்போது விரைய வேண்டும்?

சிகிச்சைக் கூடத்திலேயே கண் மங்கினால், தலை வலித்தால், நெஞ்சு இறுகினால், உடனே சொல்லிவிட்டுப் படுத்தே இருங்கள். பிராணவாயு தந்து கவனிப்பார்கள். முற்றும் தெளியும் வரை வீட்டுக்குப் புறப்படாதீர்கள். அடுத்த முறை ஊசிக்குச் செல்லும்போது இதை முதலில் சொல்லுங்கள்.

அங்கேயோ வீட்டிலோ, அன்றோ சில நாள் கழித்தோ, முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல், திடீரெனப் பார்வை போதல், நினைவு தடுமாறுதல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் அது பக்கவாதத்தின் அறிகுறி. கணமும் தாமதியாமல் 108-ஐ அழைத்து, மூளைக்கு ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த நேரத்தில் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலில் நுரை ஊசி போட்டிருப்பதை மறவாமல் சொல்லுங்கள். ஏனெனில் காற்றுக் குமிழால் வந்த அடைப்புக்கு, உயர் அழுத்தப் பிராணவாயு அறை போன்ற வேறு சிகிச்சை தேவைப்படலாம். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். கண்ணேறு என்றும் காற்றுக் கருப்பு என்றும் எண்ணி, ஓதிப் பார்க்க அழைத்துச் சென்று பொன்னான நேரத்தை இழக்காதீர்கள். துஆவை வண்டியில் போகும்போதே ஓதலாம்.

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், அன்றே மருத்துவரைக் காணுங்கள்.

நோயைத் தந்த இறைவன் அதற்கான மருந்தையும் தந்திருக்கிறான். அந்த மருந்தை அதன் அளவோடும் முறையோடும் பெறுவது நம் கடமை. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். உங்கள் வீட்டில் எவரேனும் இந்த ஊசிக்குப் புறப்படும் நாளில், அவருடைய பழைய தலைவலியையும் மாத்திரைகளையும் பயணத் திட்டத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மருத்துவரின் திறமைக்கு அந்தத் தாள் துணை நிற்கும். இன்ஷா அல்லாஹ், கால் குணமாகும். தலைக்கும் தீங்கு நேராது.